நாற்பத்தொன்பதாவது பெயர்

“எவளோ ஒரு முயல் வந்து உன் பொழப்பைக் கெடுத்துட்டா,” என்று பயிற்சியாளர் ஹால்வர்சன் முடிவுத் தாளை மேசைமேல் வீசினார்.

எதிரே உட்கார்ந்திருந்த கோரின் அதை எடுத்துப் பார்க்கக்கூட இல்லை. சன்னலுக்கு வெளியே, மே மாதம் பிறந்தும் போக மனமில்லாத மொன்டானா பனி ஓடுதளத்தின் ஓரத்தில் அழுக்காகக் கிடந்தது.

முன்னால் ஓடி வேகம் பிடித்துக் கொடுத்துவிட்டு, பாதியில் ஒதுங்கிக்கொள்ளும் ஆளைத்தான் அவர்கள் முயல் என்பார்கள். முயலுக்குப் பரிசும் கிடையாது, தாளில் பெயரும் கிடையாது. ஓடி முடித்தவர்களின் பெயரும் நேரமும் மட்டுமே அதில் இருக்கும்.

கோரினுக்கு ஆயிரத்து ஐநூறு மீட்டர். கல்லூரியில் கடைசி வருடம். கணுக்கால் எலும்பு விரிசலில் இரண்டு சீசன் பாழாகி, இந்த ஒரு சீசன்தான் கைக்கு மிஞ்சியது. மேற்கு மண்டலப் போட்டிக்கு அதிவேகமான நாற்பத்தெட்டு பேரை எடுப்பார்கள். வெள்ளிக்கிழமை வரை அவள் நாற்பத்தாறாவது.

சனிக்கிழமை சாயங்காலம், நாலு மணி நேரத் தொலைவில் ஒரு சின்னக் கல்லூரி, பட்டியலுக்கு வெளியே நின்றவர்களுக்காகக் கடைசி வாய்ப்பு ஓட்டம் ஒன்றை நடத்தியது. அதில் மூன்று பெண்கள் அவள் நேரத்தைத் தாண்டிவிட்டார்கள். இப்போது அவள் நாற்பத்தொன்பது.

இன்று பகல் பன்னிரண்டுக்குப் பட்டியல் மூடும். அதற்குள் மேலே இருக்கும் யாராவது விலகினால் இவள் உள்ளே போகலாம். இல்லாவிட்டால் அவள் ஓட்டம் இருபத்திரண்டு வயதிலேயே முடிந்தது.

மணி பதினொன்று நாற்பது.

“நெவாடாக்காரி ஒருத்தி அஞ்சாயிரம் மீட்டர்லயும் இருக்கா. ரெண்டையும் ஓட மாட்டா. இதை விட்டுருவா பாரு,” என்றார் ஹால்வர்சன்.

“அது உங்க கணிப்பா, கோச்?”

அவர் சுவர்ப் பலகையைத் திரும்பிப் பார்த்தார். யார் எத்தனை விநாடியில் வருவார்கள், எத்தனையாவது இடம் என்று சீசன் தொடக்கத்திலேயே அதில் எழுதிவிடுவார். பெரும்பாலும் பலிக்கும். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் அவரை ஜோசியர் என்பார்கள், அதில் அவருக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு. இன்று காலை வந்ததும் முதல் வேலையாகப் பலகையைச் சட்டைக் கையாலேயே துடைத்திருந்தார்.

“எனக்கு வாய்க்கொழுப்பு,” என்றார். “ரெண்டு பேர் தாண்டினாலும் நீ உள்ளதான், சனிக்கிழமை வீட்டுல காலை நீட்டிட்டுக் கெடன்னு சொன்னேன். ஓடவிட்டிருந்தா நீயும் ஒரு விநாடி கொறைச்சிருப்ப.”

“உங்க மேல தப்பில்ல.”

“என் மேல இல்லாம வேற யார் மேல? மூணு பேரு, கோரின். ஒரு வருஷமா நாலு நிமிஷம் இருபதைத் தொடாதவளுங்க. ஒரே நாள்ல நாலு பதினாறுக்கு வந்திருக்காளுங்க. சும்மா வருமா? கடிகாரம் மாதிரி ஒருத்தி இழுத்திருக்கா.”

“ஆயிரம் மீட்டர் வரைக்கும் ரெண்டு நிமிஷம் ஐம்பது. மைதானத்தோட பின்பக்கத்துல எதிர்க்காத்து வேற. அதுக்கப்புறம் மார்லோ தனியாதான் இழுத்தா,” என்றாள் கோரின்.

“மார்லோவா? நாப்பத்தெட்டாவதா வந்திருக்காளே, அவளா? உனக்குத் தெரியுமா?”

“பள்ளிக்கூடத்துல ஒண்ணா ஓடினோம்.”

“நல்ல சிநேகிதி. போற போக்குல உன்னையே தள்ளிவிட்டுட்டுப் போயிட்டா.”

கோரின் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. பதினொன்று ஐம்பத்தைந்துக்கு அவர் கணினியில் பட்டியலை மறுபடி திறந்தார். நெவாடாக்காரி இரண்டிலும் இருந்தாள். மற்ற நாற்பத்தேழு பேரும் அப்படியே இருந்தார்கள். ஒருத்திக்குச் சளி, காய்ச்சல்கூட வரவில்லை.

பன்னிரண்டு அடித்தது. பட்டியலின் தலையில் ‘இறுதி’ என்று வந்தது.

ஹால்வர்சன் இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ பிள்ளைகள் தோற்று அழுததைப் பார்த்திருக்கிறார். இவள் தோற்கவில்லை, ஓடவே இல்லை. வீட்டில் உட்கார வைத்து இவளைக் கெடுத்தோமே என்று அவருக்கு ஆறவில்லை. இவள் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாலாவது தேவலை என்றிருந்தது.

“ஏதாவது சொல்லு, கோரின்.”

“என்ன சொல்ல, கோச்.”

அவருக்கு யார் மேலாவது பாய வேண்டும் போலிருந்தது. தொலைபேசியை இழுத்தார். “அந்தக் காலேஜ் கோச் எனக்குப் பழக்கம்தான். பெரிய இடத்துல சம்பளம் வாங்கி ஓடுறவ எவளாவது பொழுதுபோகாம வந்து ஓடியிருப்பா. பேரைக் கேட்டு நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கலேன்னா எனக்குத் தூக்கம் வராது.”

கோரின் எழுந்து வந்து தொலைபேசியின் மேல் கையை வைத்தாள்.

“எனக்கு இடம் உறுதின்னு நீங்க சொன்னீங்கல்ல, கோச்? அதை நம்பித்தான் மார்லோவுக்காக நான் முயலா ஓடினேன்.”