ரம்பப்பல் வெளிச்சம்

மெட்ராஸ் ஐ ஊரையே பிடித்த வருஷம் அது. டாக்டருக்கும் கண் சிவந்து கிளினிக் பூட்டிக் கிடந்ததால், ஒற்றைத் தலைவலி வராமலிருக்க ரோசலின் தினமும் போடும் மாத்திரை நின்றுபோனது. ஞாயிறு காலை, வலிக்கு முன்னால் வரும் ரம்பப்பல் வெளிச்சம் இடது கண்ணோரம் மினுங்கியது. வீட்டில் யாரும் அதை நம்பியதில்லை.

கண் சிவந்து படுத்திருந்த மாமியார் எழுந்து உட்கார்ந்தார். "ஏத்தா, ஒன் தலைக்கிட்ட ரம்பப்பல்லு கணக்கா மினுங்குதே?"

"இம்புட்டு நாளா அதத்தானே சொன்னேன், அத்தை."

பூசைக்குப் போகையில் சிவந்த கண்களெல்லாம் அந்த வெளிச்சத்தைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டன. ரோசலின் முக்காட்டை விலக்கிவிட்டு நடந்தாள்.

எல்லோருக்கும் கண் தெளிந்தது; அவள் தலையோரத்து வெளிச்சம் மட்டும் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. மாத்திரையும் வந்தது, அவள் தொடவில்லை. கரண்ட் போன சாயங்காலம் மாமியார் தீப்பெட்டி தேடவில்லை.

"செத்த நேரம் இங்கிட்டு வந்து உக்காருத்தா. அரிசியில கல்லு பொறுக்கணும்."

வலியில் மண்டை தெறித்தது. ரோசலின் தலையை நிமிர்த்திக்கொண்டு முறத்தருகே போய் உட்கார்ந்தாள்.