இரும்பு படாத பொடி

கோடு ஏறிக்கொண்டிருந்தது.

அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் கால் ஆடும். கால் ஆடினால் கருவி கெட்டுவிடுமோ என்று ஒரு பயம். பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும்.

கோடு திரையில் புள்ளி புள்ளியாக விழுந்தது. இரண்டு பெரிய காந்தங்களுக்கு நடுவே, ஒரு குச்சியின் நுனியில், சின்னக் குப்பிக்குள் ஒரு சிட்டிகைப் பொடி அதிர்ந்துகொண்டிருந்தது. துத்தநாக ஆக்சைடு. கோபால்ட் கலந்ததில் வெளிர் பச்சை.

ஏறிய கோடு அதே வழியில் இறங்கினால் பொடியில் காந்தம் இல்லை. விலகி இறங்கினால் உண்டு.

விலகினால் ஆய்வேடு நிற்கும். இல்லையென்றால் ஆறு வருஷம் போச்சு.

உண்டு என்றுதான் எழுதியிருந்தாள். கோபால்ட் கொஞ்சம் சேர்த்து, ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடங்கள் சிலவற்றைக் காலியாக விட்டால் காந்தம் பிறக்கும் என்று. ஆய்வேட்டை மதிப்பிட்டவர் ஒரே கேள்வி கேட்டிருந்தார்: பொடியை எடுத்தது எஃகுக் கரண்டியாலா?

எஃகுக் கரண்டியால்தான். எல்லாரும் அப்படித்தான் எடுக்கிறார்கள். அதிலிருந்து உரசி விழும் துளி இரும்பு போதும், இத்தனை காந்தம் காட்ட.

மறுபடி முதலிலிருந்து. மூன்று வாரம். ஐஸ்கிரீம் கடையில் கேட்டு வாங்கிய பிளாஸ்டிக் கரண்டி. பீங்கான் கிண்ணம். துப்பட்டாவின் ஊக்கைக்கூடக் கழற்றிவிட்டாள். அது நழுவி நழுவி உயிரை வாங்கியது.

அவருக்குப் பதில் அனுப்பத் திங்கட்கிழமை கடைசி நாள்.

கோடு உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கியது.

அவள் திரையைப் பார்க்கவில்லை. பதினெட்டு வருஷமாக இந்தக் கருவியோடு குடித்தனம் நடத்தும் ஆபரேட்டர் தனிஸ்லாஸின் முகத்தைப் பார்த்தாள்.

"விலகிடுச்சு மேடம்."

விலகியிருந்தது. எஃகுக் கரண்டியில் எடுத்தபோது வந்த இடைவெளியில் கால்வாசிகூட இல்லை. ஆனால் இருந்தது.



வழிகாட்டிப் பேராசிரியர் மூன்றாவது முறையாக போனில் அழைத்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரும் நிம்மதியாகச் சாப்பிடுவார்.

அவள் எடுக்கவில்லை.

தனிஸ்லாஸ் அச்செடுத்துக் கொடுத்தார். அவளுக்கு ஒதுக்கிய நேரத்தில் இன்னும் இருபது நிமிடம் பாக்கி. இப்போதே கிளம்பினால் காரைக்குடி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்றார்.

அவள் தாளைப் பார்த்தாள். குச்சியைப் பார்த்தாள். அதில் அவளுக்கு முன்னால் எத்தனை பேர் என்னென்ன பொடியை மாட்டினார்களோ.

"சார், பொடி இல்லாம வெறும் குச்சிய மட்டும் ஒரு தடவ ஓட்டிப் பாக்கலாமா?"

அவர் நிமிர்ந்தார். "எதுக்கும்மா? நல்லாத்தானே வந்திருக்கு."

"இந்தக் காந்தம் பொடியோடதா, குச்சில ஒட்டியிருக்கறதோடதான்னு தெரியணும் சார்."

 அவர் குச்சியை வெளியே எடுத்து, குப்பியைக் கழற்றி வைத்தார். குச்சியைத் துடைக்க ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்தார்.

"துடைக்காம போடுங்க சார்" என்றாள்.