இன்னும் கொஞ்சம் சர்க்கரை

லெமுவேல் பென்னக் இந்தக் கதையைப் பல வருஷமாக நம்பவில்லை. சொல்பவர் காலஞ்சென்ற பிஷப் ட்ராண்டரின் மனைவி. பொய் பேசுகிறவர் அல்ல. ஆனாலும் நம்ப முடியவில்லை.

“உங்க அப்பா மாதிரி ஒரு பத்திரிகை ஆசிரியர் லண்டன்ல இனிமே பொறந்துதான் வரணும்ப்பா,” என்று இந்த முறையும் ஆரம்பித்தார் அவர்.

அப்பா நடத்திய ‘கணப்போரம்’ மாத இதழில், நித்திய நரகம் என்று ஒன்று இருக்கவே முடியாது என ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் பெயர் இல்லை. அந்த நாளில் பெயர் போடும் வழக்கம் கிடையாது. பிஷப் அப்பாவைத் தன் மாளிகைக்கு வரவழைத்தார்.

“எழுதினவன் என் கீழ இருக்கிற பாதிரி எவனோதான். என் பிரசங்கத்தையே எடுத்து என்னை அடிச்சிருக்கான். யார் அவன்?”

“உங்க பிரசங்கத்தை இவ்வளவு கவனமா ஒருத்தர் கேட்டிருக்காங்களேன்னு சந்தோஷப்படுங்க, ஐயா.”

“கிண்டலா? உங்க முதலாளிகிட்ட பேசியாச்சு. பெயரைச் சொல்லலேன்னா உங்க வேலை இன்னையோட சரி.”

“அப்போ இன்னையோட சரி, ஐயா.”

“நான் தேநீர் ஊத்திக்கிட்டு இருந்தேன்,” என்றார் திருமதி ட்ராண்டர். “மனசு கேக்கல. கெண்டியை வச்சுட்டு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள உங்க அப்பா, ‘அம்மா, இன்னும் கொஞ்சம் சர்க்கரை’ன்னு கோப்பையை நீட்டிட்டார். வேலை போன நிமிஷத்துல சர்க்கரை! என்ன நெஞ்சழுத்தம் பாரு!”

இங்கேதான் லெமுவேலுக்கு இடிக்கும். அப்பா தேநீரில் சர்க்கரையே சேர்த்துக்கொள்ள மாட்டார். அதுவுமில்லாமல், தெருவில் நாய் குரைத்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிற மனுஷன் பிஷப்பிடம் இப்படிப் பேசினாராமா?

வேலையோடு வீடும் போயிற்று. அம்மா ஊராருக்குத் துணி தைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். “அந்தக் கட்டுரையில ஒரு வரியை மட்டும் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அடிச்சுட்டேன். எந்த வரின்னு எழுதினவங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்,” என்பதைத் தவிர அப்பா கடைசிவரை வாய் திறக்கவில்லை.

இன்று லெமுவேலுக்குப் பொறுக்கவில்லை.

“யாரோ ஒரு பாதிரிக்காக எங்களை நடுத்தெருவுல நிறுத்தினார். அதைப் போய்ப் பெருமைங்கறீங்க.”

திருமதி ட்ராண்டரின் முகம் சிவந்தது.

“பெருமைதான்! ‘பெற்ற பிள்ளையை நெருப்பில் தள்ளும் தகப்பன் முன்னால் என் முழங்கால் மடங்காது’ன்னு எழுதின கையை அவர் காட்டிக்கொடுக்கல. வேற யாரா இருந்தாலும் கொடுத்திருப்பாங்க.”

லெமுவேலின் கோப்பை பாதி வழியில் நின்றது.

வீட்டைப் பறித்த அந்தக் கட்டுரை அவருக்கு மனப்பாடம். அச்சில் வந்ததில் இந்த வரி கிடையாது.

கோப்பையைக் கீழே வைத்தார். வெகுநாள் கழித்து அப்பாவின் மகனாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அம்மா… அன்னைக்கு அப்பா சர்க்கரை கேக்காம இருந்திருந்தா, நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?”