இளைக்கும் கிண்ணம்

பச்சைச் சீமைக்கருவேல மரத்தில் கடைந்த கிண்ணத்தோடு இருளப்பன் தினமும் காலையில் தவசிலிங்கத்தின் மளிகைக்கடைக்கு எடை பார்க்க வந்துவிடுவான். எடை இறங்குவது நின்றால்தான் மரம் காய்ந்ததாக அர்த்தம். அதன் பிறகுதான் மெருகு போட முடியும். திங்கட்கிழமை அறுநூற்று நாற்பது கிராம் காட்டிய தராசு, வியாழக்கிழமை அறுநூறு காட்டியது.

"பச்ச மரம்ல, ஈரம் வத்துது" என்றான் இருளப்பன்.

"மரம் எங்கயாச்சும் எளைக்குமா? அண்ணாச்சி தராசுதான் எளைக்குது" என்றாள் பருப்பு வாங்க வந்த குருவம்மா. வாங்காமலே போனவள், மறுநாள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

இருபது வருடமாக ஒரு கிராம்கூடக் குறைத்து நிறுத்தறியாதவர் தவசிலிங்கம். கிண்ணத்தை நிறுக்க மாட்டேன் என்றால், பயந்துவிட்டார் என்பார்கள். நிறுத்தாலோ இன்றும் குறையும். கிண்ணத்தை வைத்தார். ஐந்நூற்றுத் தொண்ணூறு. மற்றவர்கள் எட்டிப் பார்ப்பதற்குள் சுண்டுவிரலைத் தட்டின் ஓரத்தில் லேசாக ஊன்றினார்.

"அதே அறுநூறு! காஞ்சிருச்சு அண்ணாச்சி!" என்று குதித்தான் இருளப்பன்.

"அப்பச் சரி. ஒரு கிலோ துவரம்பருப்பு போடுங்க" என்றாள் குருவம்மா.

அத்தனை பேரும் தராசையே பார்த்துக்கொண்டிருக்க, விரலை எப்படி எடுப்பதென்று தெரியாமல் நின்றார் தவசிலிங்கம்.