மூளையைக் கேட்காத காரியம்

நிச்சயத் தாம்பாளம் கைமாறும் நேரம் பார்த்துப் பர்வதம் தும்மினாள்.

ஒரே ஒரு தும்மல். கல்பாத்தி அக்ரஹாரம் முழுக்கக் கேட்டிருக்கும்.

கூடத்தில் பேச்சு நின்றது. தேங்காயும் வெற்றிலையுமாகத் தாம்பாளத்தை நீட்டிய அவள் அப்பா சுப்ரமணியன், நீட்டியபடியே நின்றார். வாங்கிக்கொள்ள வேண்டிய சம்பந்தி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஒற்றைத் தும்மல் விழுந்த காரியத்தைத் தொடர அந்தத் தெருவில் யாருக்கும் தைரியம் கிடையாது.

பர்வதத்துக்கு அடுத்த மாதம் பள்ளி இறுதிப் பரீட்சை. தாம்பாளம் மாறிவிட்டால் இந்த மாதமே கல்யாணம். பரீட்சை அவ்வளவுதான்.

அழுது பார்த்தாள். பட்டினி கிடந்தும் பார்த்தாள். பெண் கொஞ்சம் இளைத்தது நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள்.

கடைசியில் வழி சொன்னது சரீர சாஸ்திரப் பாடப் புத்தகம். மூக்கில் எரிச்சல் என்றால் நரம்பு அந்தச் சேதியை முகுளத்துக்குக் கொண்டுபோகும். பிடரிக்குச் சற்று மேலே, மூளையின் அடியில் இருக்கிற சின்னத் துண்டு அது. நெஞ்சுக்கும் தொண்டைக்கும் கண்ணிமைக்கும் அதுவே உத்தரவு போட்டுவிடும். மேலே ஜம்பமாக உட்கார்ந்திருக்கும் பெருமூளைக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் விஷயமே தெரியும்.

பர்வதத்துக்குச் சட்டென்று புரிந்தது. அவள் வீட்டில் அப்பாவின் நிலைமையும் அதுதான்.

ஆக, வேண்டுமென்றே செய்தாள் என்று யாரும் பழி போட முடியாத ஒரே குற்றம் தும்மல்.

அப்பாவின் டப்பியிலிருந்து மூக்குப்பொடி எடுத்து மாட்டுக் கொட்டிலில் ஒத்திகை பார்த்தாள். கடுகளவு போட்டால் ஒரு தும்மல், மிளகளவு போட்டால் மூன்று. பசுவும் தும்மியது. அளவு முக்கியம், ஏனென்றால் ஒற்றைதான் அபசகுனம். இரட்டைத் தும்மல் விழுந்தால் சுபம்.

இப்போது பார்த்து, கூடத்தில் எல்லோர் முன்னாலும், மூக்குக்குள் மறுபடியும் குறுகுறுத்தது. ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும் மரியாதை முகுளத்துக்கு இல்லை.

மேலுதட்டை விரலால் அழுத்தினாள். காது அடைத்தது. கண்ணில் நீர் முட்டியது. பாவம், பெண் அழுகிறாள் என்று யாரோ சொன்னார்கள். மெல்ல மெல்லக் குறுகுறுப்பு அடங்கியது.

சம்பந்தி எழுந்துகொண்டார். இன்னொரு நல்ல நாள் பார்க்கலாம் என்றார். பர்வதத்தின் மனசு பரீட்சை மண்டபத்துக்கே போய் உட்கார்ந்துவிட்டது.

அப்போது எதிர் ஜமக்காளத்திலிருந்து ஒரு தும்மல் வெடித்தது. மாப்பிள்ளை லட்சுமிநாராயணன். மெட்ராஸில் பி.ஏ. படித்தவன், புது நாகரிகப்படி நிச்சயத்துக்குத் தானும் வந்திருந்தான்.

சாஸ்திரிகள் முகம் மலர்ந்தது.

"அங்கே ஒண்ணு, இங்கே ஒண்ணு, ரெட்டையாக்கும். இதைவிடச் சுபம் உண்டோ? தாம்பாளத்தை மாத்துங்கோ."

மாற்றிவிட்டார்கள்.

பர்வதத்துக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. முதல் தடவையாக நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

கூடமே குதூகலமாக இருக்க, அவன் மட்டும் பேயறைந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். மூக்கு சிவந்து, கண் கலங்கியிருந்தது. ஒளிக்க மறந்த இடது கையில் ஒரு மூக்குப்பொடி மட்டை.

அவனும் இதே நேரத்துக்குத்தான் குறி வைத்திருக்கிறான். அவள் முந்திக்கொண்டாள். உள்ளே ஏறிவிட்ட பொடியைத் திருப்பி அழைக்க அவனால் முடியவில்லை.

யாரையும் கேட்காமல் பர்வதத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

பெண்ணுக்குப் பூரண சம்மதம் என்று கூடமே சொன்னது.