மூன்றாவது நிமிடத்துச் சிவப்புக் கோடு

பாட்டுப் பதியும் மென்பொருளில் வந்த புதிய லிமிட்டர், எகிறப்போகும் சத்தத்தை முன்கூட்டியே கேட்டு, சிவப்புக் கோடாகக் காட்டி அமுக்கிவிடும். யார் சத்தம் என்று மட்டும் சொல்லாது. தங்கை கல்யாணத்துக்கு வாழ்த்துப் பாட்டுப் பதிய ஜெசிந்தா உட்கார்ந்ததுமே, திரையில் மூன்றாவது நிமிடத்தில் சிவப்புக் கோடு எழுந்தது.

"சட்டி பானைய உருட்டப் போறது நீங்கதான். பேசாம இங்க உக்காருங்க" என்று கணவன் சேவியரைச் சமையலறையிலிருந்து இழுத்து வந்தாள். குக்கரையும் அணைத்தாள். கோடு அப்படியே நின்றது.

பாடிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தாள். சேவியர் பள்ளிப்பிள்ளைபோல் வாயில் விரல்வைத்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது நிமிடம். அவளுக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது.

போட்டுக் கேட்டார்கள். லிமிட்டர் அமுக்கிய சிரிப்பு, வந்த இடத்தில் விருந்தாளி இருமியதுபோல் இருந்தது.

"இது நீ சிரிச்சதாடி?" என்றார் சேவியர்.

லிமிட்டரை எடுத்துவிட்டு அதே பதிவை மறுபடி ஓடவிட்டாள். சிரிப்பு வெடித்த சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அந்தப் பதிவையே தங்கைக்கு அனுப்பிவைத்தாள்.