ஜோதிடருக்கு டிஸ்ப்ளே வரவில்லை

"இன்னாப்பா இது, ஃபேன் மட்டும் சுத்துது, டிஸ்ப்ளே வரல?"

ஜோதிடர் சக்கரவர்த்தி குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த சாலம்மாள் காதில் விழுந்துவிடக் கூடாதே என்ற பயம்.

கம்ப்யூட்டர் மெக்கானிக் கவியரசன் மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான். "அதாங்கய்யா பாத்துக்கினு இருக்கேன். பழைய மிஷினு, கொஞ்சம் மொரண்டு பண்ணும்."

"விக்கும்போது புதுசு மாதிரின்னு சொன்ன?"

"மாதிரின்னுதானங்கய்யா சொன்னேன்."

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது அந்த ஜோதிட நிலையம். 'ஜோதிடச் சக்கரவர்த்தி' என்று போர்டு. பெற்றவர்கள் வைத்த பெயரே அதுதான் என்பதால் அதில் பொய் இல்லை. 'கல்வராயன் மலையில் நாற்பத்தெட்டு நாள் தவமிருந்து வாக்குப் பலிதம் பெற்றவர்' என்று கீழே இருந்ததுதான் இடித்தது. நாற்பத்தெட்டு நாள் மலையில் இருந்தார், உண்மை. மரவள்ளிக் கிழங்கு லாரி ஓட்டிக்கொண்டு இருந்தார்.

மற்றபடி நட்சத்திரமாவது, லக்னமாவது! எல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. முன்பு வேறொரு ஜோதிடர் வைத்திருந்த மிஷின். சாஃப்ட்வேரோடு அதை வாங்கி இவர் தலையில் கட்டியவன் கவியரசன். பிறந்த தேதியும் நேரமும் அடித்தால் அது பலனைத் துப்பும். துப்பியதை இவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். மேசைமேல் இருந்த பஞ்சாங்கம், காகிதம் பறக்காமல் இருக்க.

"சாமி, இன்னும் எம்மா நேரம்?" என்றாள் சாலம்மாள். மூங்கில்துறைப்பட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். மகன் வெற்றிவேலுக்கும் வடக்கனந்தல் பெண் எழில்மதிக்கும் பிறந்த தேதி, நேரம் எழுதிய சீட்டு அவள் கையில் கசங்கிக்கொண்டிருந்தது. "பன்னண்டுக்குள்ள பதில் சொல்றேன்னு தரகர்கிட்ட சொல்லிட்டேன். எதிர்த்தாப்ல ஒரு ஜோசியர் இருக்காரே, அங்க போயி பாத்துக்கட்டுமா?"

சாலம்மாள் ஒருத்தி போனால் பரவாயில்லை. அவள் ஊர் சர்க்கரை ஆலைப் பக்கத்து ஜனம் மொத்தமும் அவள் சொல்லித்தான் இங்கே வருகிறது. கம்ப்யூட்டர் படுத்தால் ஜோசியமும் படுத்துவிடும் என்று அவள் ஊரில் போய்ச் சொன்னால் போதும், மறுபடியும் கிழங்கு லாரிதான்.

சக்கரவர்த்தி வாய் திறப்பதற்குள் கவியரசன் முந்திக்கொண்டான். "அஞ்சே நிமிஷம் உக்காருங்கம்மா. ஐயா மாதிரி ஆள வுட்டுட்டு எங்க போவீங்க?"

எவ்வளவு நல்ல பையன் என்று அவர் மனம் நெகிழ்ந்தது.

நல்ல பையன் மானிட்டர் ஒயரைப் பிடுங்கிச் செருகினான். ரேம் என்கிற மெமரி அட்டையைக் கழற்றி, பள்ளிக்கூடத்து ரப்பரால் அதன் ஓரத்தைத் தேய்த்தான். மாட்டினான். 'நோ சிக்னல்' என்று காட்டிவிட்டுத் திரை கறுத்தது. மறுபடி கழற்றித் தேய்த்தான்.

"இன்னாப்பா அழிக்கிற? எம்மவன் தலையெழுத்தையா?" என்றாள் சாலம்மாள். பிறகு சக்கரவர்த்தி பக்கம் திரும்பினாள். "சாமி, உங்களுக்குத்தான் வாக்குப் பலிதம் இருக்குதே. இந்தப் பொட்டி எதுக்கு?"

"அது சும்மா பிரிண்ட் எடுக்கத்தாம்மா. கணக்கெல்லாம் இங்க." நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

"அப்ப வாயாலயே சொல்லிடுங்க."

வசமாக மாட்டிக்கொண்டார். ஒயரைப் பார்ப்பதுபோல் மேசைக்கு அடியில் குனிந்தார். "டேய், இன்னாடா பண்றது?"

கவியரசன் கிசுகிசுத்தான். "ஒத்து வருதுன்னு சொல்டுங்கய்யா. வரலன்னா இன்னா தோஷம், எந்தக் கட்டம், இன்னா பரிகாரம்னு நோண்டுவாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"வருதுன்னா எவனும் கேள்வி கேக்க மாட்டான்."

சக்கரவர்த்தி நிமிர்ந்தார். சீட்டை வாங்கிப் பார்த்தார். கண்ணை மூடி, கட்டை விரலால் மற்ற விரல்களை எண்ணினார். உதட்டை அசைத்தார். "பத்துக்கு எட்டுப் பொருத்தம்மா! யோசிக்காத பண்ணுங்க."

சாலம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே போனைப் போட்டாள். "டேய் வெற்றி, எட்டுப் பொருத்தம்டா! தரகர்கிட்ட இப்பவே சொல்லிடறேன். தை மாசமே முடிச்சிடலாம்." சீட்டை மேசையிலேயே விட்டுவிட்டு, கும்பிடு போட்டுப் படியிறங்கினாள்.

அவள் தலை மறைந்ததும் கவியரசன் ரேமை ஒரு அழுத்து அழுத்தினான். திரை பளிச்சென்று விழித்துக்கொண்டது.

சக்கரவர்த்திக்கு மனசு உறுத்தியது. ரெண்டு பேர் வாழ்க்கை. சீட்டில் இருந்ததை அவசர அவசரமாக அடித்தார். பத்துக்கு இரண்டு என்று வந்தது. கீழே சிவப்பில் 'செய்யக் கூடாது' என்று வேறு.

"ஐயையோ, பாவம்டா அந்தம்மா! கீழதான் இருப்பாங்க, ஓடிப் போயி கூப்புடு."

கவியரசன் அசையவில்லை. எட்டி சுவிட்சை அணைத்தான்.

"வேணாங்கய்யா. இந்த மிஷினு பழைய ஜோசியர்கிட்ட இருந்தப்பவே எழில்மதிக்கு ஆறு வரனைத் தட்டி வுட்டுச்சு. ஒவ்வொரு வாட்டியும் அந்தப் பொண்ணு சாப்புடாத படுத்துக்கினு அழும். இந்த மாப்ள வீட்டுக்காரங்க இன்னிக்கு உங்ககிட்ட வராங்கன்னு தரகர் சொன்னாரு. அதான் நேத்தே சர்வீஸ்னு வந்து ரேம நகட்டி வெச்சிட்டுப் போனேன்."

"டேய்... அந்தப் பொண்ணுக்கு நீ இன்னாடா வேணும்?"

"கூடப் பொறந்த தம்பிங்கய்யா."